காற்றில் காய்ச்சியது

— இன்னொரு தடவை காத்துன்னு சொன்னீருன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், பாத்துக்கிடும். வெல்லமா, பட்டையா, அழுகுன பழமா, எதுலவே காய்ச்சுனீரு? ஒத்த வார்த்தை. சொல்லிட்டு ஒக்காரும்.

— காத்துலதாங்க ஏட்டய்யா.

— சொன்னேம்லா!

— வேற என்னத்தைங்க சொல்றது? நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்க. ஓசூர் சிப்காட்ல, கம்பெனி மூடற வரைக்கும் குவாலிட்டி கன்ட்ரோல்ல இருந்தவன். பாகலூர்ல போயி சென்னப்பன்னா யாருன்னு கேட்டுப் பாருங்க.

— கேட்டுட்டுதான் வாரேன். ‘அந்தக் காத்து புடிக்கிற ஆளா’ன்னு சிரிக்காவ. மாட்டுக் கொட்டகையில டிரம்மு, செம்புக் குழாயி, அடுப்பு, மூணு கேனு நெறையா சரக்கு. நான் மதுவிலக்குல சேந்து தலைமுடி நரைச்சுப் போச்சு. செம்புக் குழாயை வளைச்சு வச்சிருந்தா அது ஊறல் போட்டுக் காய்ச்சுத வேலைதான். ஒண்ணுதான் கொறையுது. ஊறலு எங்கவே?

— ஊறல் கிடையாதுங்க. அதான் பாயிண்டு.

— ஊறல் இல்லன்னா நான் எப்படிக் கேஸு போட? கிருஷ்ணகிரி பந்தோபஸ்துக்குப் போன இன்ஸ்பெக்டரு சாயங்காலம் வந்துருவாரு. ‘எதுல காய்ச்சுனான் மாரிசாமி’ன்னு கேப்பாரு. காத்துலன்னு நான் சொன்னா, மொதல்ல என்னையத்தான் ஊதச் சொல்லுவாரு.

— சிம்பிள்ங்க ஏட்டய்யா. நான் வெளக்கிடறேன். நாம மூச்சு விடறோமில்லீங்களா, அதுல கார்பன் டை ஆக்சைடுன்னு ஒண்ணு இருக்குது. சோடாவைத் தொறந்தா புஸ்ஸுன்னு வருதே, அதேதான். அடுப்புப் புகை, லாரிப் புகை, எல்லாத்துலயும் அதுதான். அது காத்துல கொஞ்சூண்டு கலந்து கெடக்குது. ஃபேன் வச்சு காத்தை இழுத்து, அதை மட்டும் மருந்துத் தண்ணியில புடிச்சு வச்சிக்கறேன். இன்னொரு பக்கம் தண்ணிக்குள்ள கரண்டு விட்டா ஹைட்ரஜன் வருது. ரெண்டையும் ஒண்ணா அழுத்திச் சூடு பண்ணுனா மெத்தனாலு. வண்டி ஓடும், வெளக்கு எரியும். வளைகுடாச் சண்டை வந்தப்ப பெட்ரோல் பங்குல எத்தனை மணி நேரம் நின்னோம்? இனிமே எவன் நிக்கணும்? காத்து இருக்கிற வரைக்கும் பெட்ரோலு.

— இரும், இரும். புகைங்கது ஒருக்கா எரிஞ்சு முடிஞ்சதுதான?

— ஆமாங்க.

— எரிஞ்சு முடிஞ்சதைப் புடிச்சு மறுபடியும் எரிய வைக்கீரு.

— கரெக்டுங்க! சாம்பலைத் திரும்ப வெறகாக்குற மாதிரி. பாருங்க, உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. எங்க எம்.டி.க்கே புரியலைங்க.

— அப்படி வெறகாக்க எம்புட்டு கரண்டு ஆவும்?

— அதை மட்டும் கேக்காதீங்க.

— கேப்பேன்.

— கெடைக்கிற எண்ணெயை விட ஜாஸ்தி ஆவுங்க. ஆனா தோட்டத்து மோட்டாரு கரண்டு இலவசம்தானுங்களே.

— அப்ப கரண்டுத் திருட்டையும் சேத்துக்கிடவா? நல்ல ஆளுவே நீரு. வாயைத் தொறந்தா கேஸு கேஸா வருது.

— ஏட்டய்யா, இதுக்கு நான் பேரே வச்சிட்டனுங்க. சென்னனால்.

— என்னது?

— மெத்தனாலுன்னு யாரோ வெள்ளைக்காரன் வச்ச பேரு. சென்னப்பன் செஞ்சதுங்கறதால சென்னனால்.

— ஒம்ம பேரு ஜெயிலு சுவத்துலதான் இருக்கும். நான் சொல்லுததைக் கேளும். காய்ச்சுனீருன்னு கேஸு போட்டா மெஷினும் போச்சு, ஒம்மையும் சேலம் ஜெயிலுக்குக் கொண்டு போயிருவாவ. அதுக்குப் பதிலா, ‘அந்தப் பக்கம் கர்நாடகாவுல இருந்து கொண்டாந்தேன்’னு சொல்லும். இந்த டேசன்ல தெனம் பத்துப் பேரு அதைச் சொல்லுதான். கோர்ட்டுக்குப் போவீரு, அபராதம் கட்டுவீரு, வீட்டுக்குப் போயிருவீரு. ஒமக்கும் சுளுவு, எனக்கும் சுளுவு.

— நான் கண்டுபுடிச்சதை பார்டர் தாண்டி அட்டிபெலேல வாங்குனேன்னு சொல்லணுமா? முடியாதுங்க.

— கோட்டி புடிச்சிருக்காவே ஒமக்கு?

— நாளைக்கு நம்ம நாட்டுக்கே பெட்ரோல் இதுலதான் வரும். அன்னைக்கு ஊர்க்காரன் கேப்பான், ‘சென்னப்பா, அது நீ கடத்திட்டு வந்ததுதானே’ன்னு. நான் எங்கீங்க மூஞ்சை வச்சிக்கறது?

— சரி, வேற வழி யோசிப்போம். காத்து ஒம்ம கொட்டகைக்கு எந்தப் பக்கமா வருது?

— இப்ப மேல்காத்துங்க. ஆனேக்கல் பக்கத்துல இருந்து.

— ஆனேக்கல் எந்த மாநிலம்?

— கர்நாடகம்.

— முடிஞ்சிச்சுல்லா! சரக்கு கர்நாடகாவுல இருந்துதான் வந்திருக்கு. நீரு பொய்யும் சொல்ல வேண்டாம். ‘கர்நாடகாவுல இருந்து வந்த பொருளை வச்சுச் செஞ்சேன்’னு சொல்லும், மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.

— காத்து ஐப்பசில கெழக்கால திரும்பிருமேங்க. அப்ப அதே காத்தை நாம அவுங்களுக்குக் கடத்தறமா? அவுங்க செக்போஸ்டுல நம்ம காத்தை நிறுத்துவாங்களா?

— கேள்வி கேக்கது நானு, பாத்துக்கிடும்!

— என்னையப் புடிச்சுக் குடுத்தது பக்கத்து நெலத்துக் கிருஷ்ணப்பன்தானுங்களே?

— யாரோ. ஒமக்கு எதுக்கு?

— அவருகிட்டயும் இப்புடித்தாங்க வெளக்குனேன். ‘பயிருங்க சாப்புடறதும் இதே கார்பன் டை ஆக்சைடுதான், அதைத்தான் நான் புடிக்கறேன்’னு ஒரு வார்த்தை சொன்னனுங்க. அவ்வளவுதான். ‘எம் முட்டைக்கோசு சாப்புடறதை நீ உறிஞ்சறியா’ன்னு சண்டைக்கு வந்துட்டாரு. அந்த வருசம் கோசு சின்னதாப் போச்சு, என் மெஷின்தான் காரணம்னு பஞ்சாயத்துல நின்னாரு. படிக்காதவங்களுக்கு சயின்ஸ் சொல்லிக் குடுக்கவே கூடாதுங்க.

— எனக்கும் அப்படித்தான் தோணுது. சரி, அப்படி நவுந்து ஒக்காரும், கேனுவளை எண்ணிக்கிடுதேன். மூணு. எல்லாத்துக்கும் மூடி இருக்கு…

— ஏட்டய்யா. அதுல ஒண்ணு குறையற மாதிரி இருக்குதுங்களே.

— என்ன குறையுது? மூணு இருக்குல்லா.

— கேன் குறையலைங்க. உள்ள சரக்கு குறையுது. அந்தக் கேன்ல மூடி மேல ஈரமா இருக்குது பாருங்க.

— ஜீப்புல வரும்போது தளும்பியிருக்கும்.

— மூடி கோணலாப் போட்டிருக்குதுங்க. யாராச்சும் தொறந்தாங்களா?

— சாட்சிக்காவத் தொறந்து பாத்தேன். மோந்து பாக்காம கேஸு எழுத முடியுமா?

— மோந்துதான பாத்தீங்க?

— நாக்குலயும் வச்சுப் பாத்தேன். ஒரு சொட்டு.

— ஒரு சொட்டா?

— ஒரு மூடி.

— ஏட்டய்யா!

— என்னவே இப்படி கத்துதீரு? மொத மூடில ருசி தெரியல. சாராயமா இல்லையான்னு சந்தேகம் வந்துட்டு. அதனால இன்னொரு மூடி. அப்புறம், அந்த சந்தேகத்தைத் தீத்துக்கிட இன்னொண்ணு. எல்லாம் டூட்டிதான்.

— எப்பங்க குடிச்சீங்க?

— ஒம்மை கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சிட்டு, அந்த ரூம்புக்குப் போனேம்லா. அப்பதான். ஏன், ஒம்ம மூஞ்சி வெளுத்துப் போச்சு?

— ஏட்டய்யா, பதட்டப்படாதீங்க. கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?

— நல்லாத்தான் தெரியுது. நீரு அங்க இருக்கீரு, நான் இங்க இருக்கேன்.

— இப்பத் தெரியுங்க. மெத்தனாலு ஒடனே வேலை காட்டாது. அரை நாளு, ஒரு நாளு போனப்புறம்தான். மொதல்ல பனி மூட்டமாட்டம் இருக்கும். அப்புறம் இருட்டுங்க. அப்புறம்…

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணும் இல்லீங்க.

— வே, வெளையாடாதீரும். குடிச்சா கண்ணு போவுத சாமானை எதுக்குவே கேன்ல ஊத்தி வச்சீரு?

— குடிக்கறதுக்கா வச்சேன்? பெட்ரோலுங்க அது! பெட்ரோல் பங்குல மூடியைத் தொறந்து யாராச்சும் ருசி பாப்பாங்களா?

— ஏல மாதப்பா! எடே! பாராவுல நின்னுக்கிட்டு அங்க என்னல பண்ணுத? ஓடிப் போயி ஒரு ஆட்டோவைக் கூட்டிட்டு வா. பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். கேள்வி கேக்காத, ஓடு! இந்த நேரம் பாத்து ஜீப்பையும் இன்ஸ்பெக்டரு கிருஷ்ணகிரிக்குக் கூப்புட்டுக்கிட்டாரு. வே சென்னப்பன், அடுத்த வாரம் எங்க ஊருல அம்மன் கொடைத் திருவிழா. ஏழு வருசமா லீவு கிடைக்கல. இப்பதான் சாங்சன் ஆயிருக்கு. சாமி வாரதை நான் பாக்கணும்லா. கண்ணில்லாம போயி வில்லுப்பாட்டை மட்டும் கேட்டுட்டு வரவா?

— வழி இருக்குதுங்க. ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் பண்ணுவாங்க. ஆனா நீங்க கோவிச்சிக்கக் கூடாது.

— கோவப்பட மாட்டேன். சொல்லும்.

— சாராயம் குடிக்கணுங்க.

— என்னது?

— நல்ல சாராயம். சிம்பிள்ங்க. இந்த மெத்தனாலு அப்படியே விஷம் இல்ல. வயித்துல போயி, ஈரல்ல மாறித்தான் விஷமாவுது. கூடவே சாராயமும் போச்சுன்னா, ஈரலு மொதல்ல சாராயத்தைத்தான் கவனிக்கும். ரேஷன் கடையில க்யூ மாதிரிங்க. சாராயம் முன்னால நின்னு கடையை மறிச்சிக்கும். மெத்தனாலு பின்னால நின்னு நின்னு, சலிச்சுப் போயி, ஒண்ணுக்கோட வெளிய போயிடும்.

— மதுவிலக்கு டேசன்ல ஒக்காந்துக்கிட்டு, மதுவிலக்கு ஏட்டை, சாராயம் குடிக்கச் சொல்லுதீரு.

— மருந்துங்க அது.

— இங்க வாரவன் பூரா அப்படித்தான்வே சொல்லுதான்!

— உங்க அலமாரியில புடிச்ச சாராயப் பாக்கெட்டுங்க இருக்குதுங்களா?

— நேத்து பஸ்ஸுல புடிச்சது ஒரு மூட்டை இருக்கு. கோர்ட்டுல காட்டணும்.

— மூட்டையைக் காட்டறதுக்கு நாளைக்கு உங்களுக்குக் கண்ணு வேணும். அவ்வளவுதாங்க நான் சொல்லுவேன்.

— …ஒரு பாக்கெட்டு போதுமா?

— ஆட்டோ வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா. டம்ளர்ல ஊத்துங்க. நான் கவனிச்சினு இருக்கேன்.

— அம்மா தாயே, மன்னிச்சுக்கோ. கண்ணுக்காவத்தான். ம்… ம்ம். ஆத்தாடி! இந்த சவத்தையாவே மக்க காசு குடுத்து வாங்கிக் குடிக்கான்?

— இன்னும் கொஞ்சம்.

— எரியுதுவே.

— எரியட்டும். ஈரலு கடையைத் தொறந்து வச்சிருக்குது. க்யூ குறையக் கூடாது.

— இப்ப கொஞ்சம் தேவல. ஆமா, ஒண்ணு கேக்கேன். நான் கண்ணு தெரியாம போயிட்டேன்னு வச்சுக்கிடுவோம். அப்ப ஒம்ம மெஷின் நெசந்தான்னு ஆயிரும்லா?

— ஆயிரும்ங்க. மெத்தனாலுன்னு நிரூபணம் ஆயிரும்.

— என் கண்ணு நல்லா இருந்திச்சுன்னா?

— அப்ப அது மெத்தனாலு இல்ல. என் ரெண்டு வருச வேலை அத்தனையும் தண்டம்.

— அப்ப நீரு என்னவே நெனைக்கீரு? உள்ளதைச் சொல்லும்.

— உங்க கண்ணு நல்லா இருக்கணும்னுதாங்க நெனைக்கறேன். சத்தியமா. ஆனா… ஒரு கண்ணாச்சும் லேசா மங்குனா…

— அடப் பாவி!

— திரும்பச் சரியாயிடற மாதிரிங்க! கொஞ்ச நேரத்துக்கு மட்டும்!

— ஊத்தும்வே. ஒம்ம ஆசைக்கு எதிரா நான் இன்னொரு டம்ளர் குடிக்கணும்.

— ஏட்டய்யா சாமி, உள்ள வரலாமுங்களா? பாகலூருல இருந்து வர்றேன், மங்கம்மா. இவுரு பொண்டாட்டி. களி கிண்டி எடுத்துனு வந்தேன். அய்யோ தேவ்ரே! இதென்ன சாமி, டேசன்லயே குடிச்சினு இருக்கீங்க? எங்கூட்டுக்காரரும் ஊத்திக் குடுக்கறாரு!

— குடிக்கலை மங்கா. வைத்தியம் நடக்குது. ஏட்டய்யா நம்ம கேன்ல இருந்து குடிச்சிட்டாரு.

— எவ்வளவு?

— மூணு மூடி தாயி. தெரியாமக் குடிச்சிட்டேன். ஒன் புருசன் சொல்லுதான், என் கண்ணு போயிருமாம்.

— அதெல்லாம் போவாதுங்க சாமி.

— ஒனக்கு எப்படித் தெரியும் தாயி?

— போவாதுன்னா போவாது. டம்ளரைக் கீழ வைங்க. வயசான காலத்துல உடம்புக்கு ஆவாது.

— மங்கா, நீ சும்மா இரு. கெமிஸ்ட்ரி தெரியாம பேசாத. மெத்தனாலு…

— நீங்க சும்மா இருங்க. அது மெத்தனாலும் இல்ல, சென்னனாலும் இல்ல.

— பின்ன என்னது?

— எங்க தம்பி சரக்கு.

— …என்ன சொல்ற நீ?

— சாமி, இவுரு முன்னால சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஒருத்தருக்குக் கண்ணு போவும்னு பயந்துனு இருக்கறப்ப மறைக்கறது பாவம். போன மாசிக்கு முன்னால உங்க ஜீப்பு எங்க ஊருக்குள்ள வந்துச்சு பாருங்க, அன்னைக்கு எங்க தம்பி நாராயணப்பன் மாலூரு பக்கத்துல இருந்து லாரி டியூப்புல எரிசாராயம் கொண்டாந்து, கொட்டாயில போட்டுட்டு ஓடிட்டான். வாசல்ல ஜீப்பு நிக்குது. எங்க ஒளிக்கறது? தூக்கிப் போடலாம்னா டியூப்பு மாட்டாட்டம் கனக்குது. இவுரு மெஷினுக்கு அடியில நீலக் கேனு வாயைத் தொறந்துனு இருந்துச்சு. டியூப்போட வாயை அவுத்து அதுக்குள்ள ஊத்திட்டேன். காலி டியூப்பை எருமை கழுத்துல மாட்டி விட்டேன்.

— அன்னைக்கு வந்தது நாந்தான் தாயி! எருமை டியூப்பு போட்டு நின்னுச்சே, நாங்கூட எதுக்குன்னு கேட்டேன்!

— கழுத்துப் புண்ணுன்னு சொன்னேன். நீங்களும் பாவம்னு அதுக்கு மருந்து சொல்லிட்டு, மெஷினைத் தட்டிப் பாத்துட்டு, ‘மாவு மில்லா’ன்னு கேட்டுட்டுப் போயிட்டீங்க.

— அம்மா தாயே!

— மறுநாள் காத்தால இவுரு போயி கேனைப் பாத்தாரு. ஒரு திரியை முக்கிப் பத்த வச்சாரு. நீலமா எரிஞ்சுச்சு சாமி. இவுரு அப்புடியே சாணி மேல ஒக்காந்துட்டாரு. அழுதாரு. அப்புறம் சிரிச்சாரு. அப்புறம் என்னையத் தூக்கிச் சுத்துனாரு, மாடெல்லாம் கயித்தை அறுத்துனு ஓடிப் போச்சு. கம்பெனி மூடுன நாள்ல இருந்து இந்த மனுசன் ஒரு வேளை ஒழுங்கா சாப்புட்டவரு இல்ல. ராத்திரில எந்திரிச்சு ஒக்காந்துனு சுவத்தைப் பாப்பாரு. அன்னைக்கு மூணு உருண்ட களி சாப்புட்டாரு. அப்பப் போயி எப்புடி சாமி நான் சொல்றது, அது எங்க தம்பி டியூப்புன்னு?

— அப்புறமும் ஊத்துனியா தாயி?

— வத்திப் போச்சுன்னா மறுபடியும் சுவத்தைப் பாப்பாரே. அதனால சந்தைக்கு சந்தை தம்பிகிட்ட கொஞ்சம் வாங்கி ஊத்திட்டு வந்தேன்.

— சந்தைக்கு சந்தையா?

— ஆமாங்க.

— சந்தை அன்னைக்கு மட்டும் ஏன் ஜாஸ்தி வருதுன்னு நான் எத்தனை யோசிச்சேன்! ஊர்ல ஆளு கூடறாங்க, மூச்சுக் காத்து கூடுது, அதான் உற்பத்தி கூடுதுன்னு… சந்தைக்குப் பக்கத்துல இன்னொரு மெஷின் போடலாம்னு இடம் கூடப் பாத்து வச்சனே மங்கா.

— தெரியுமுங்க.

— அதை ஊத்தி உத்தனப்பள்ளி வரைக்கும் மொபெட்டு ஓட்டினேன். உன்னையப் பின்னால ஒக்கார வச்சிருந்தேன். ‘காத்துல போறோம் மங்கா’ன்னு கத்துனேன். நீயும் சிரிச்ச.

— சந்தோசமாத்தாங்க சிரிச்சேன். அது பொய் இல்ல.

— நான் ஏட்டய்யாவுக்குக் கண்ணு மங்கணும்னு ஒரு நிமிசம் நெனைச்சிட்டேன். எதுக்காக நெனைச்சேன்? உன் தம்பி சாராயத்துக்காக.

— வே, போட்டும் விடும். எனக்குக் கண்ணு போவாது. அது போதும். அம்மன் கொடைக்கு நான் போவேன். தாயி, நீ நல்லா இருப்ப. நீதான் என் கொலதெய்வம். ஆனா இப்ப ஒரு சிக்கல் வந்துட்டே. எரிசாராயம் கொண்டாந்தது ஒன் தம்பி. மறைச்சு வச்சது நீ. ஊறல் கேட்டு மண்டையை ஒடைச்சேன், இப்ப முழுக் கேஸும் ஒன் வாயாலயே கெடைச்சிட்டு. இன்ஸ்பெக்டரு வந்தா நான் ஒன்னையத்தான் உள்ள வைக்கணும்.

— வைங்க சாமி. இவுரை விட்டுடுங்க. இவுருக்கு ஒரு பாவமும் தெரியாது. தூக்குல களி இருக்குது, சூடு ஆறறதுக்குள்ள சாப்புடச் சொல்லுங்க.

— ஏட்டய்யா, அவ சொல்றது பொய்ங்க.

— எதுவே பொய்யி?

— எல்லாம். என்னையக் காப்பாத்தறதுக்குச் சொல்றா. தம்பியும் இல்ல, டியூப்பும் இல்ல. மூணு கேனும் நான் காத்துல இருந்து செஞ்சது. மெத்தனாலு.

— அப்ப என் கண்ணு போவும்.

— போவாதுங்க.

— மெத்தனாலுன்னா போவும்னீரே!

— கேஸுக்கு மெத்தனாலு. கண்ணுக்குச் சாராயம். அப்புடி வச்சிக்கலாமுங்க.

— வே, இப்ப நான் இந்த டம்ளரைக் குடிக்கவா, கீழ வைக்கவா? அதை மட்டும் சொல்லும், தலை சுத்துது.

— வச்சிடுங்க. நீங்க இனிமே குடிக்க வேண்டியதில்ல. ஆனா என் பொண்டாட்டியைப் போலீஸ் டேசன்ல ஒக்கார வைக்க விட மாட்டேன். நான் செஞ்சேன். காத்துல செஞ்சேன். எழுதிக்கோங்க.

— ஏனுங்க, உங்களுக்கு இன்னும் புத்தி வரலையா? சேலத்துக்குக் கொண்டு போயிடுவாங்க.

— போறேன். எத்தனை நாளு நீ எனக்காகப் பொய்யைச் சொமந்த மங்கா. ஒரு நாளு நான் சொமக்கறேன். என் பொய்யி நான் நம்புன பொய்யி. எனக்குக் கனமே இல்ல.

— ஏ, ரெண்டு பேரும் அழாதீங்கப்பா. எனக்கும் வருது. குடிச்சா அழுக வரும்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. கேளுங்க. இப்ப நான் எந்தக் கேஸு போட்டாலும், இன்ஸ்பெக்டரு கிட்டக்க வந்து என் வாயைத்தான் மோந்து பாப்பாரு. நான் எந்த மூஞ்சை வச்சுச் சாராயக் கேஸு போட? சென்னப்பன், நீரு காத்துலதான் செஞ்சீரு.

— ஏட்டய்யா?

— காத்துலதான் செஞ்சீரு. கர்நாடகாக் காத்தோ, நம்ம காத்தோ, காத்தைப் புடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. ஊறல் இல்ல, கேஸு இல்ல. எம் பேருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ரெண்டு பேரும் கெளம்புங்க. தாயி, ஒந் தம்பிகிட்டச் சொல்லு, இனிமே அந்த எருமைக்குக் கழுத்துல எதாவது பாத்தேன், எருமையவே உள்ள வச்சிருவேன்.

— சாமி, உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும். ஏனுங்க, எந்திரிங்க. கேனை நான் தூக்கறேன்.

— வேணாம் மங்கா, நான் தூக்கறேன். இதை வச்சு என்ன பண்றது? போற வழியில கெலவரப்பள்ளி ஆத்துல கொட்டிடலாம். மெஷினையும் நாளைக்குப் பிரிச்சு ஸ்க்ராப்புக்குப் போட்டுடறேன்.

— நல்ல முடிவுவே. நீலக் கேனு ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. வெள்ளைக் கேனை மட்டும் இங்கன விட்டுருங்க, அது நான் வாய் வச்சது, நானே கொட்டிருதேன். அந்தா, மாதப்பனும் ஆட்டோவோட வந்துட்டான். ஏல, வேண்டாம்ல, எனக்குச் சரியாப் போச்சு, திருப்பி அனுப்பிரு!

— வெள்ளைக் கேனா? எந்த வெள்ளைக் கேனு சாமி?

— இதுதான் தாயி. மெஷினுக்குப் பின்னால, இண்டுக்குள்ள, ஒரு குழாய்ல இருந்து சொட்டுச் சொட்டா விழுந்துக்கிட்டிருந்துச்சு.

— அது லீக்குங்க. நீலக் கேனுக்குப் போற சென்னனாலுதான் ஒழுகுதுன்னு நெனைச்சு, வீணாவ வேண்டாம்னு ஒரு கேனைக் கம்பால தள்ளி வச்சேன். அதுல எப்புடி மங்கா ஊத்துன? அந்த இண்டுல என் கையே போவாதே.

— நான் அதுல ஊத்தலைங்களே.

— என்ன?

— நான் ஊத்துனது நீலக் கேன்ல மட்டும்தாங்க. இப்புடி ஒரு வெள்ளைக் கேனு இருக்குதுன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

— சத்தியமா?

— எங்க தம்பி மேல சத்தியமா.

— அவன் மேல வேணாம்! வேற யாரு மேலயாச்சும் சொல்லு!

— உங்க மேல சத்தியமுங்க. அதை நான் தொடவே இல்ல.

— தாயி, என்ன சொல்லுத? வே, ஒம்ம பொண்டாட்டி என்ன சொல்லுதா? நீரு ஏன்வே அந்தக் கேனைக் கட்டிப் புடிச்சுட்டுச் சிரிக்கீரு?

— மாதப்பா, ஆட்டோவை விட்டுடாத, நிறுத்து! மங்கா, அந்தப் பாக்கெட்டைப் பிரிச்சு ஊத்து, ரெண்டா ஊத்து! ஏட்டய்யா, டம்ளரை எடுங்க, நிறுத்தாமக் குடிங்க… உங்க கண்ணு மேல ஆணையாச் சொல்றேன், என் மெஷின் வேலை செய்யுதுங்க!